வீட்டு வேலை ஜாப் ஒர்க் ஆகுமா?

ஓர் ஆர்டரை எப்படி முடிப்பது என்று திருப்பூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார். துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகும். காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் ஜாப் ஒர்க்காக நடக்கும். சொந்தமாக ஒரு மெஷின்கூட இல்லாமல் ஆர்டர் எடுத்து ஏற்றுமதி செய்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அதனால் வீட்டைப் புதுப்பிக்கவோ மேலே ஒரு தளம் எடுக்கவோ நினைக்கும்போது அவருக்கு வரும் முதல் யோசனை இயல்பானதுதான். காண்ட்ராக்டருக்கு எதற்குத் தனி லாபம்? சிமெண்டும் கம்பியும் நானே வாங்குகிறேன், மேஸ்திரியிடம் கூலி பேசிவிடுகிறேன், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஆள் எல்லாம் தனித்தனி. துணிக்குச் செய்வதைத்தானே சுவருக்கும் செய்யப் போகிறோம்?

இந்தக் கணக்கு எங்கே சரிப்படும், எங்கே காலை வாரும் என்பதுதான் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி மறைந்துபோகும் வேலையை, தொழில் தெரிந்த ஒருவர் பொறுப்பில் விடவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற, சரியில்லை என்றால் பெயர்த்துவிட்டு மறுபடி செய்யக்கூடிய வேலையை வீட்டுக்காரர் தாராளமாகத் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். தையல் பிசகிய பனியன் செகண்ட்ஸில் சேர்ந்து காதர்பேட்டையில் விலை போய்விடும். கான்கிரீட் தளத்துக்கு அப்படி ஒரு சந்தை கிடையாது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பொருளும் ஆளும் சேர்த்து முழுக் காண்ட்ராக்ட் விடலாம். பொருளை வீட்டுக்காரர் வாங்கி, கூலியை மட்டும் மேஸ்திரியிடம் சதுர அடிக்குப் பேசும் லேபர் காண்ட்ராக்ட் இன்னொன்று. மூன்றாவது, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றாடம் கொடுக்கும் தினக்கூலி. புது வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்தும். பழைய வீட்டுக்குப் பொருந்தாது. ராயபுரத்திலோ அனுப்பர்பாளையத்திலோ இருக்கும் ஐம்பது வருஷத்து வீட்டில், பூச்சை உரிக்கும்வரை உள்ளே சிமெண்ட் சாந்தா மண் சாந்தா என்று யாருக்கும் தெரியாது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், லிண்டல் ஓடுகிறதா, ஓட்டுக்குக் கீழே இருக்கும் மரம் செல்லரித்திருக்கிறதா என்பதெல்லாம் பிரித்த பிறகு வெளிவரும் விஷயங்கள். தெரியாத வேலைக்கு விலை சொல்லச் சொன்னால் காண்ட்ராக்டர் தன் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை வைப்பார். இல்லையென்றால் குறைத்துச் சொல்லிவிட்டு நடுவில் எக்ஸ்ட்ரா கேட்பார். இதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இடிப்பது, உரிப்பது, திறந்து பார்ப்பது ஆகியவற்றை மட்டும் தினக்கூலியில் முடித்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிந்தபின் மீதி வேலைக்கு விலை பேசுவதே இரு தரப்புக்கும் நல்லது.

சொந்தப் பொறுப்பில் எடுத்தால் எவ்வளவு மிச்சமாகும்? காண்ட்ராக்டர் லாபம் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது பொதுப்பேச்சு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் முழுக் காண்ட்ராக்டுக்குப் பில் போட்டால் 18 சதவீதம் வரி சேரும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் மேஸ்திரி பதிவு செய்யத் தேவையில்லை என்பதால் அவருடைய கூலிக்கு வரி விழாது. சிமெண்ட் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது இரண்டு வழிக்கும் பொது. ஆக, 20 லட்ச ரூபாய் வேலையில், எல்லாம் ஒழுங்காக நடந்தால், இரண்டரை மூன்று லட்சம் கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய தொகை இல்லை. ஆனால் ஒழுங்காக நடக்க வைப்பதற்கு ஆகும் செலவு இந்தக் கணக்கில் வரவில்லை. காண்ட்ராக்டர் சிமெண்டை லோடு கணக்கில் கடனுக்கு எடுப்பார். சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் அவரிடமே இருக்கும். இங்கே வேலை நின்றால் ஆட்களை அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிடுவார். வீட்டுக்காரரோ மூட்டைக் கணக்கில் ரொக்கத்துக்கு வாங்குகிறார், சென்ட்ரிங்குக்கு நாள் வாடகை கட்டுகிறார், எம்சாண்ட் லாரி வராத நாளில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கும் கூலி கொடுக்கிறார்.

அதைவிடப் பெரிய செலவு நேரம். கம்பெனி வைத்திருப்பவருக்கு ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் வீடு இரண்டாம்பட்சம். கம்பெனியிலும் சைட்டிலும் சம்பளம் சனிக்கிழமைதான். ஒரே சாயங்காலம் இரண்டு இடத்திலும் ரொக்கம் தயாராக இருக்க வேண்டும். பையர் பணம் தள்ளிப்போன வாரத்தில் சைட்டுக்குச் சம்பளம் நின்றால், திங்கட்கிழமை கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைத் திரும்ப அழைத்து வருவது எளிதில்லை. நிழலில், ஃபேனுக்கடியில் வேலை கிடைக்கிற ஊரில் வெயிலில் கல் சுமக்க ஆள் தேடுவது எப்போதும் சிரமம்.

முதலாளிகளை மட்டும் வைத்து இதைப் பேசுவது தவறு. பதினைந்து வேலம்பாளையத்திலும் நல்லூரிலும் ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் இடத்தில் வீடு வைத்திருக்கும் டெய்லர் தம்பதிகள் எத்தனையோ பேர். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும் காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார்கள். இவர்கள் லேபர் காண்ட்ராக்டுக்கு விட்டால் சைட்டைப் பார்க்க ஆளே இல்லை. லீவு போட்டால் அன்றைய பீஸ் ரேட் போய்விடும். வயதான அம்மாவோ, வேலையை விட்டு நிற்கும் மனைவியோ அந்தப் பாரத்தைச் சுமக்கிறார்கள். லோடு இறங்கும்போது எண்ணுவது, டீ போடுவது, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது எல்லாம் அவர்கள் தலையில். சொந்தமாகக் கட்டியதில் மிச்சமான பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கூலியையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இது இந்த வட்டாரத்துக்கே உரிய சங்கதி, அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். சாயக்கழிவு நொய்யலிலும் நிலத்தடியிலும் இறங்கிய கதை ஊரறிந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவை முழுதும் சுத்திகரிக்கும் பூஜ்ஜிய வெளியேற்ற முறை வந்தது. ஆனாலும் பல பகுதிகளில் போர் தண்ணீர் இன்னும் உப்புத்தான். குடிக்கத்தான் ஆகாது, கட்டடத்துக்கு ஆகும் என்று அதிலேயே கலவை போடுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 456 விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். இந்த நான்கு மடங்கு வித்தியாசத்துக்குக் காரணம் கம்பி. குளோரைடு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது கான்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். சில வருஷம் கழித்துக் கூரையின் அடிப்பக்கம் கம்பி ஓடிய கோட்டிலேயே வெடிப்பு விட்டு, பாளம் பாளமாக விழத் தொடங்கும். அப்போது மேஸ்திரியும் இருக்க மாட்டார், காண்ட்ராக்டரும் இருக்க மாட்டார்.

இதைத் தவிர்க்க ஆகும் செலவைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் கான்கிரீட் ஏறத்தாழ 12 கன மீட்டர், சிமெண்ட் சுமார் 90 மூட்டை. மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் வைத்தாலும் மொத்தம் இரண்டாயிரத்து ஐநூறு லிட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் போதும். தண்ணீரைச் சோதித்துச் சொல்ல தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. முழுக் காண்ட்ராக்டோ சொந்தப் பொறுப்போ, தண்ணீர் விஷயத்தை வீட்டுக்காரர்தான் பேசியாக வேண்டும். காண்ட்ராக்ட் ரேட் பேசும்போது தண்ணீர் யார் கணக்கு என்று பெரும்பாலும் ஒரே வார்த்தையில் தாண்டிவிடுகிறார்கள்.

அடுத்தது எடை. திருப்பூரில் வீட்டுக்கு மேல் எடுக்கும் தளம் பல நேரம் குடியிருக்க அல்ல. பவர் டேபிள் போட, செக்கிங் நடத்த, துணி உருளைகளை அடுக்க. குடியிருப்புத் தளத்தில் ஏறும் எடைக்கு ஐஎஸ் 875 விதி வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. லேசான இயந்திரம் ஓடும் தளம் என்றால் 500 கிலோ. உருளைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினால் இன்னும் கூடும். வீட்டுக்கென்று போட்ட தளத்தில் கம்பெனி வைப்பது இந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவது. பழைய மாடியில் தூணுக்கு மேல் ஒன்றரை அடிக் கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள். “கம்பி விட்டுத்தான் இருக்குதுங்க, அப்படியே மேல எடுத்துக்கலாமுங்க” என்பார் மேஸ்திரி. 12 மில்லிமீட்டர் கம்பியில் புதுக் கம்பி சேர ஏறக்குறைய இரண்டடி ஒட்டு வேண்டும். பத்து வருஷ மழையில் அந்தக் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும், கீழே இருக்கும் அஸ்திவாரம் எதற்காகப் போட்டது என்பதும் தனிக் கேள்விகள். இந்த இடத்தில் மேஸ்திரியின் கைப்பழக்கம் உதவாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

தளம் போடும் நாளை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வி முழுவதும் அதில் தெரிந்துவிடும். விடிந்ததும் லிப்ட் வைத்த மிக்சர் மெஷின் வந்து நிற்கும். இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள், பேசியது மொத்தக் கூலி, எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு லாபம். கலவை கெட்டியாக இருந்தால் இழுப்பது கஷ்டம். கூட ஒரு வாளித் தண்ணீர் விழும். கலவை ஓடும், வேலையும் ஓடும், வலிமை குறையும். கட்டி வைத்த கம்பியின் மேல் சட்டி தூக்கிய ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். தளத்தில் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் கவர் பிளாக் வைத்திருந்தாலும் மிதிபட்டு நகர்ந்துவிடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது பால்கனியும் சன்ஷேடும். நீட்டிக்கொண்டிருக்கும் இந்தத் துண்டுகளில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அது மிதிபட்டுக் கீழே இறங்கிவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், பிடிமானம் மட்டும் இருக்காது. முட்டைப் பிரிக்கும் நாளிலோ, முதல் முறை பத்துப் பேர் ஏறி நிற்கும் நாளிலோதான் அது வெளியே வரும். இதைப் பார்க்க வேண்டியவர் பத்து மணிக்குள் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துப் போகிறவர் அல்ல. காலை முதல் கடைசி மிக்சர் வரை மேலேயே நிற்கிறவர்.

அதன்பிறகு முட்டு. 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டை 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சாதாரண சிமெண்டுக்கு விதி. இப்போது பரவலாக விற்கும் பிபிசி சிமெண்ட் மெதுவாக இறுகுவது, அதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். காண்ட்ராக்டருக்கு ஷீட் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்ற அவசரம். சொந்தப் பொறுப்பில் கட்டுபவருக்கு வாடகை ஏறுகிறதே என்ற அவசரம். ஆகவே சொந்தமாகக் கட்டினால் தரம் தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வேலையில் குறுக்குவழி தேடும் காரணம் கைமாறுகிறது, அவ்வளவுதான்.

அதேபோல பெரிய பில்டர் என்பதாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அது கொத்தனாரை வைத்து யாரோ சொந்தமாகக் கட்டியது இல்லை.

உலக அனுபவம் இதில் என்ன சொல்கிறது? நமக்கு மிக அருகில் இருப்பது இலங்கை. போருக்குப் பின் இந்திய உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் வீடுகள் எழுப்பிய திட்டத்தில், 2012 அக்டோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில், காண்ட்ராக்டரிடம் விடவில்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாகப் போட்டார்கள். பத்தாயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே ஆள் வைத்துக் கட்டின. 2001 பூகம்பத்துக்குப் பின் குஜராத்திலும் ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் இவ்வழியில் எழுந்தன. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு கட்டத்தை இன்ஜினியர் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த தவணை வந்தது. வீட்டுக்காரர் தனியாக விடப்படவில்லை. மாறாக, 2004 சுனாமிக்குப் பின் நம் கடற்கரையில் பல குடியிருப்புகளை நிறுவனங்கள் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டிக் கொடுத்தன. வேகமாக முடிந்தது, ஆனால் சமையலிடம், திண்ணை, வலை காயப்போடும் இடம் என்று வாழ்பவரின் தேவை பல இடங்களில் வரைபடத்தில் ஏறவில்லை. இலங்கையிலும் குறை இல்லாமல் இல்லை. கொடுத்த தொகை போதாமல் கடன் வாங்கி முடித்த குடும்பங்கள் நிறைய.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 10,000 டாலருக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தப் பொறுப்பில் செய்ய உரிமம் வாங்க வேண்டும். 20,000 டாலரைத் தாண்டினால் அதற்கென்று ஒரு படிப்பையும் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் போக்கு நேர்மாறு. 2024 ஜூலை 22 முதல் 2,500 சதுர அடிக்குள் மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் முன்கூட்டி ஆய்வு இல்லை என்றால், தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையும் நம்முடையதே. வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு மெஷின் போடுவதற்கு இந்த வசதி இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தில் சேவையாக 1993இலேயே சேர்ந்தது; 2019 சட்டத்திலும் அப்படியே. ஒப்பந்தமும் பில்லும் இருந்தால் காண்ட்ராக்டர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளும் மேற்பார்வையும் நம்முடையதானால் யார் மேல் போவது? விபத்து நடந்தாலும் இதே கதைதான். நேரடியாக ஆள் வைத்தவரிடம்தான் முதல் கேள்வி வரும். வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் 1994 முதல் இயங்கும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவரா என்று கேட்பதும், பதியாதவருக்குப் பதிய உதவுவதும் வீட்டுக்காரரின் கடமை. அனுமதியின்போது நாம் கட்டும் 1 சதவீத நல நிதி அவர்களுக்கானதுதான்.

திருப்பூர் நிலைமைக்கு நான் சொல்வது இது. குளியலறை டைல்ஸ், சமையல் மேடை, பெயிண்ட், கதவு, விளக்கு, தரை எல்லாம் ஜாப் ஒர்க் கணக்கிலேயே செய்யுங்கள். அதில் உங்கள் திறமை முழுதும் உதவும், பணமும் உண்மையிலேயே மிச்சமாகும். ஒரே ஒரு விதிவிலக்கு, டைல்ஸுக்குக் கீழே இருக்கும் வாட்டர்புரூஃபிங். தண்ணீர் கட்டி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிறுத்திப் பார்க்காமல் டைல்ஸ் ஆளை உள்ளே விடக் கூடாது. சுவரைத் திறப்பது, தூண், பீம், தளம், அஸ்திவாரம் என்று வந்தால், மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்ட் விட்டாலும் மேற்பார்வைக்கு இன்ஜினியர் ஒருவரைத் தனிக் கட்டணத்துக்கு வையுங்கள். அவருக்குப் பொருள் விற்பதிலோ கூலியிலோ பங்கு இருக்கக் கூடாது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவராக இருந்தால் பயனில்லை. பூச்சு உரித்த அன்று, கம்பி கட்டி முடித்த அன்று, தளம் போடும் நாள் முழுக்க, முட்டுப் பிரிக்கும் முன் என்று வரவேண்டிய நாட்களை எழுதி, அந்த நாட்களுக்கே கட்டணத்தைப் பிரித்துக் கொடுங்கள். தளம் போடும்போது கான்கிரீட் கட்டிகளை வார்த்து எடுத்துவைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். முழுக் காண்ட்ராக்ட் விட்டாலும் இந்த இன்ஜினியர் வேண்டும். அப்போது கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திக்கொள்வதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். டெய்லர் தம்பதிகளைப் போல சைட்டில் நிற்கவே முடியாதவர்கள், தெருவில் இரண்டு மூன்று வீட்டில் ஒன்றாக வேலை எடுத்தால் இன்ஜினியர் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முன் கம்பெனியில் போனஸும் ஆர்டரும் நெருக்கும், வடகிழக்குப் பருவமழையும் அதே சமயம் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியதும் பிரிப்பு வேலையைத் தொடங்கினால் பங்குனி, சித்திரையில் தளம் போடலாம். அந்த வெயிலில் தளத்துக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டியே ஆகவேண்டும். உப்பில்லாத டேங்கர் தண்ணீருக்கான பணத்தை எஸ்டிமேட்டில் தனி வரியாக முதல் நாளே எழுதி வையுங்கள்.